மண்ணுக்குள் வைத்த தண்ணீர்

நம்மில் யாருக்கும் இனி வேலை செய்யத் தெம்பில்லை. வலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். கருவாட்டை மருமகள்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நிழல் போகிற பக்கம் நகர்ந்து உட்காருவதுதான் நமக்கு மிச்சம். இந்த வருஷமும் மழை தள்ளிப்போகிறது என்று காலையில் உங்களில் யாரோ சொன்னீர்கள். அப்போதிருந்து எனக்கு என் சின்னம்மாவின் நினைப்பாகவே இருக்கிறது. அம்மாவோடு பிறந்த தங்கை. உங்களுக்கும் அவளைத் தெரியும். ஆனால் தண்ணீரைத் திருடியவள் என்று ஊர் சொன்னதைத்தான் நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நடுவில் மூச்சு வாங்கினால் கொஞ்சம் பொறுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். முந்தின ஐப்பசியில் மழை தூறலோடு போய்விட்டது. தை முடிவதற்குள் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வர வழியில்லாமல் ஏரி சுருங்கத் தொடங்கியது. ஓரமெல்லாம் உப்புப் பூத்துக் காய்ந்து கிடந்தது. கால் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும், பாதத்தில் கீறல் விழுந்து எரியும். மடவை மீன்கள் குழிகளில் மாட்டிச் செத்து நாறின. அந்த நாற்றம் தலைமுடியில் ஏறி, எத்தனை நாள் சீவினாலும் போகவில்லை.

நம் ஊருக்கு ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் இந்த மணல்மேடு. எங்கே பார்த்தாலும் தண்ணீர், குடிக்க மட்டும் ஊற்றுத்தண்ணீர்தான். மூன்று ஊற்றில் இரண்டு அந்த மாசியிலேயே கரித்துப்போயின. மூன்றாவதில் பனையோலைத் தோண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது நிரம்புவதற்குள் ஒரு பாட்டுப் பாடி முடிக்கலாம். அக்கரையில் கோட்டைக்கு உள்நாட்டிலிருந்து பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் படகில் போகும். நாம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். ஒல்லாந்துக்காரரின் தண்ணீருக்கு ஒல்லாந்துக்காரரின் காவல் இருந்தது.

ஊர்ப் பெரியவராக இருந்த நாட்டார் தண்ணீரைப் பங்கு வைத்தார். வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம். தனி ஆள் இருக்கிற வீட்டுக்கு அரைக்குடம். நாட்டாரின் மனைவி வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு ஊற்றோரம் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டாள். அவள் யாருக்கும் கூடவும் கொடுக்கவில்லை, குறையவும் கொடுக்கவில்லை. தன் வீட்டுக்கும் அதே ஒரு குடம்தான் எடுத்துக்கொண்டாள். அதை நான் சொல்லாமல் விட்டால் பாவம்.

சின்னம்மாவுடையது அரைக்குடம். அவள் புருஷன் மூன்று வருஷத்துக்கு முன்னால் கட்டுமரத்தில் போனவர், கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்தது. பிள்ளையில்லை. எங்கள் குடிசைக்கு ஒட்டினாற்போல அவள் குடிசை. அதிகம் பேச மாட்டாள். எறா உரித்தபடியே ஏதாவது ஒன்றை வெகு நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படித்தான் அவள் அதைக் கண்டுபிடித்தாள். அவள் வீட்டுக் குடிதண்ணீர்ப் பானை சரியாக வேகாத பானை. எந்நேரமும் வியர்த்துக்கொண்டிருக்கும். அதை மூலையில் ஒரு மணல் குவியல்மேல் வைத்திருந்தாள். ஒரு நாள் அந்த மணலில், பானையின் அடியைச் சுற்றி, பச்சை மயிர் மாதிரி நெல் முளைத்திருந்தது. எப்போதோ சிந்திய நெல். அவள் தண்ணீர் ஊற்றவேயில்லை. பானைதான் ஊற்றியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் வாய் உடைந்த மண்சால் இரண்டை, அகலப் பானைகளை, எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றிலும் ஏரி வண்டலும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து நிரப்பினாள். நடுவில் சரியாக வேகாத சின்னக் கலயம் ஒன்றைக் கழுத்துவரை புதைத்தாள். கலயத்தில் தண்ணீர் விட்டு, வாயைக் கொட்டாங்கச்சியால் மூடினாள். கலயத்தைச் சுற்றிக் கத்தரி விதை போட்டாள். மேலே மண் காய்ந்து வெளுத்துத்தான் இருக்கும். விரலை உள்ளே விட்டால் சில்லென்று ஈரம். கொட்டாங்கச்சியைத் தூக்கி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. எட்டு நாளைக்கு ஒரு தரம் இரண்டு செம்பு ஊற்றினால் போதும்.

"எப்டி சின்னம்மா அதுவா குடிக்குது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தாகம் எடுத்தா வேரு வந்து கலயத்தக் கட்டிக்குது. வேணும்னா இழுத்துக்குது, வேணாம்னா சும்மா கீது."

"தண்ணி தீந்துடாதா?"

"அதும்பாட்டுக்கு இருக்கும். அவ்ளோ சீக்கிரம் தீராது."

அந்தத் தண்ணீர் அவள் குடிக்காமல் விட்ட தண்ணீர். சோற்றைக் கரித்துப்போன ஊற்றின் தண்ணீரிலேயே வடித்துக்கொள்வாள், தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. அரைக்குடத்தில் நாவை நனைக்கிற அளவு குடித்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்து வைப்பாள். அவள் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் செடிக்கும் உள்ள சம்பந்தம் அப்போது என் புத்தியில் ஏறவில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"இன்னாத்துக்குடி இந்தப் பாடு? ஒரு கத்திரிக்காய்க்கா?" என்று அம்மா கேட்டாள்.

"மீனையே தின்னு நாக்கு செத்துப்போச்சுக்கா," என்றாள் சின்னம்மா. ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தபடி, "காலைல எழுந்தா வூட்ல உசுரோட ஒண்ணு கீதான்னு பாக்கத் தோணுது. அதுக்குதான்," என்றாள்.

வைகாசியில் காய் வந்தது. உள்நாட்டிலிருந்து ஒரு கீரைத்தண்டுகூட வராத மாதம் அது. நாலு கத்தரிக்காய், என் கட்டைவிரல் நீளம். வாளைக் கருவாட்டோடு போட்டுக் குழம்பு வைத்தாள். அந்தக் காயின் தோல் பல்லில் பட்டு விட்டுக்கொடுத்த விதம் இன்னும் என் வாயில் இருக்கிறது. நைனாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. வாசம் வெளியே போகும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. ஒளித்து வைத்த காரியமில்லையே அது. செடிகள் அவள் குடிசைக்குப் பின்னால், உப்புக்காற்று படாத மறைவில் இருந்தன, அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் எதிர்வீட்டுக்காரரின் குழந்தை இறந்தது. பிறந்து இரண்டு மாதம். தாய்க்குப் பால் வற்றிவிட்டது. வாயில் துணியை நனைத்து வைத்துப் பார்த்தார்கள். குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த எதிர்வீட்டுக்காரர், கை கழுவ நல்ல தண்ணீர் இல்லாமல் மணலில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். சின்னம்மாவும் அங்கேதான் அழுதுகொண்டு நின்றாள். அவள் மனதில் அப்போது கலயம் வந்ததா இல்லையா என்று நான் கேட்டதில்லை. யாராலும் கேட்டிருக்க முடியாது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நாட்டார் மகளே, நீயும் கேட்டுக்கொண்டிருக்கிறாய். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. நாம் இரண்டு பேரும் அக்கரைக் குப்பையிலிருந்து பொறுக்கிய பீங்கான் சில்லுகளை வைத்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தோம். நீலப் பூப் போட்ட சில்லு உன்னிடம் இருந்தது. என்னிடம் வெறும் ஓடு. உன் வீட்டில் வெள்ளிக் கொலுசு இருக்கிறது, பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறது என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். என் வீட்டில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

"எங்க சின்னம்மா மண்ணுக்குள்ள தண்ணி வெச்சிக்கீது," என்றேன். "நல்ல தண்ணி. எடுக்க எடுக்கத் தீராது."

நீ நம்பவில்லை. நான் சத்தியம் பண்ணினேன். நீ வீட்டுக்குப் போய்த் தாகம் என்று அழுதபோது, உன் அம்மாவிடம் அதைச் சொன்னாயாம். உன்மேல் எனக்குக் குறை இல்லை. தாகமெடுத்த பிள்ளை வேறென்ன செய்யும்? 'தீராது' என்ற சொல் என்னுடையது. சின்னம்மா சொன்னது 'அவ்வளவு சீக்கிரம் தீராது' என்பது. முன்னால் இருந்ததை நான் விழுங்கிவிட்டேன்.

மறுநாள் உச்சி வெயிலில் நாட்டார் வந்தார். அவர் மனைவி வந்தாள், எதிர்வீட்டுக்காரர் வந்தார், பின்னாலேயே பாதி ஊர் வந்தது. நேராகக் குடிசையின் பின்பக்கம் போனார்கள். செடிகள் பச்சைப்பசேலென்று நின்றன. அந்தக் கோடையில் அப்படி ஒரு பச்சையை யாரும் பார்த்திருக்கவில்லை. அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

நாட்டார் கொட்டாங்கச்சியைத் தூக்கினார். கலயத்தில் முக்கால்வாசித் தண்ணீர் தெளிந்து கிடந்தது. முந்தின நாள்தான் ஊற்றியிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் மண்டிபோட்டுக் கையைவிட்டு அள்ளி நாவில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல தண்ணி," என்றார்.

"ஊத்துல யாருக்கும் தெரியாம எடுத்தியா?" என்று நாட்டார் கேட்டார்.

"இல்ல மாமா. என் பங்குதான். நான் குடிக்காம வெச்சது."

"குடிக்காம யாருனா செடிக்கு ஊத்துவாங்களா?"

"நான் ஊத்தினேன் மாமா."

எதிர்வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. மண்டிபோட்டபடியே, சத்தம் போடாமல், "என் புள்ள செத்துச்சே தங்கச்சி. இத்தினி தண்ணி குடுத்திருக்கக் கூடாதா?" என்றார்.

"நீங்க கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ணா."

"இருக்குதுன்னு தெரிஞ்சாத்தானே கேப்பேன்."

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் முடிந்தது. திருடினாள் என்று சொன்னவர்களுக்கும் அது போதும், திருடவில்லை என்று நினைத்தவர்களுக்கும் அது போதும். எதிர்வீட்டுக்காரர் எழுந்து அந்த மண்சாலைக் காலால் உதைத்தார். ஓடு பிளந்து, கலயம் உடைந்து, மண் சரிந்தது. தண்ணீர் ஓடவில்லை. மணல் ஒரே மடக்கில் குடித்துவிட்டது. உடைந்த கலயத்துண்டுகளைச் சுற்றி வெள்ளை வேர்கள் வலை மாதிரி பின்னியிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். இன்னொரு சாலைத் தொட வேண்டாம் என்று நாட்டார் மனைவிதான் கையை நீட்டித் தடுத்தாள்.

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது எட்டு நாள் தண்ணீர், அவள் சேர்த்த தண்ணீர் என்று எனக்குத் தெரியும். தினமும் கொட்டாங்கச்சியைத் தூக்கிப் பார்த்தவள் நான். சொல்லியிருந்தால் ஒருவேளை நாட்டார் கேட்டிருப்பார். வாய் திறக்கவில்லை. யார் சொல்லி வந்தார்கள் என்பது வெளியே வந்துவிடுமே என்று பயம்.

மழை வருகிறவரை சின்னம்மா ஊற்றுப்பக்கம் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பானது. அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிற வீட்டுக்கும் பங்கு கிடையாது. நாட்டார் கெட்டவர் இல்லை. அன்றைக்கு ஊர் ஒருவர்மேல் ஒருவர் பாயாமல் இருக்க அவருக்கு ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது. இதெல்லாம் இப்போது புரிகிறது. அன்று அவர் முகத்தில் எச்சில் துப்ப வேண்டும் போலிருந்தது, துப்பவும் வாயில் ஈரம் இல்லை.

அம்மா இரண்டு நாள் செம்பை மறைத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். மூன்றாம் நாள் சின்னம்மா வாங்க மறுத்துவிட்டாள்.

"உன் புள்ள வாயிலேர்ந்து புடுங்கி எனக்கு வேணாம்கா. மாமாவ அக்கரைல வுடச் சொல்லு."

மாமா என்றது என் நைனாவை. அவர் அவளைப் படகில் ஏற்றிக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார். மிஞ்சிய சாலை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா தடுக்கவில்லை. பத்து நாள் போனால் ஊர் ஆறிவிடும், கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

அக்கரையில் நடந்ததை நைனா கேட்டு வந்து சொன்னதுதான். கோட்டையை ஒட்டிய தெருவில் மீன் சுத்தம் செய்து கொடுத்து, கூலியாகத் தண்ணீரும் சோறும் வாங்கியிருக்கிறாள். கோட்டைத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர் அவளுடைய கத்தரிச் செடியைப் பார்த்திருக்கிறார். தோட்டத்துக்குச் சொந்தக்காரியான துரைசாணி, கடல் தாண்டி ஒல்லாந்துக்காரர் ஆண்ட பத்தாவிக்குக் கப்பல் ஏறப் போகிறாள். முன்பு ஒரு முறை அவள் கொண்டுபோன கன்றுகளெல்லாம் நடுக்கடலில் காய்ந்துவிட்டன. மனிதருக்கே அளந்து ஊற்றுகிற கப்பலில் செடிக்கு யார் தருவார்கள்? எட்டு நாளைக்கு ஒரு தரம் ஊற்றினால் போதும் என்கிற செடி துரைசாணிக்கு வேண்டியிருந்தது. செடியோடு அதை வளர்த்தவளும் வேண்டியிருந்தாள்.

முகத்துவாரம் அடைத்திருந்ததால் கப்பல் ஏறுகிறவர்களைப் படகில் நம் கரைக்குக் கொண்டுவந்து, இந்த மணல்மேட்டின் வழியாகத்தான் கடலுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஊரே நின்று பார்த்தது. முன்னால் துரைசாணி பல்லக்கில். பின்னால் பஞ்சத்தில் உள்நாட்டிலிருந்து வந்தவர்கள், ஆணும் பெண்ணுமாக, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. வயிற்றுச் சோற்றுக்காக அடிமை ஓலையில் கைநாட்டு வைத்தவர்கள் என்று நைனா சொன்னார். அவர்களுக்குப் பின்னால் ஆள்கள் சுமந்துவந்த பெரிய சால்கள் நாலு, ஒவ்வொன்றிலும் ஒரு எலுமிச்சங்கன்று, நடுவே கொட்டாங்கச்சி மூடி. கடைசியில் சின்னம்மா. புதுச் சேலை கட்டியிருந்தாள். உதடு ஆறியிருந்தது.

அம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"நீயும் ஓலைல கை வெச்சியா?"

"எல்லாரும் வெச்சாங்க, நானும் வெச்சேன். செடி போயி எறங்கினதும் திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"யாரு சொன்னது?"

"தோட்டக்காரரு சொன்னாரு." பிறகு, அதுதான் பெரிய விஷயம் என்பதுபோல, "தண்ணி கேட்டா குடுக்கறாங்கக்கா," என்றாள்.

அலையைத் தாண்டிக் கப்பலுக்குக் கொண்டுபோகிற படகைத் தள்ள நம் ஊர் ஆண்களைத்தான் கூலிக்குப் பிடித்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரரும் அதில் இருந்தார். சால்களைப் படகில் ஏற்றும்போது ஒன்றை அவர் இரண்டு கையாலும் தூக்கினார். அலை அடித்தபோது செடி சாயாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சின்னம்மாவுக்கும் கை கொடுத்து ஏற்றிவிட்டார். என்னைப் பார்த்து அவள் தலையை மட்டும் அசைத்தாள். நான் கை அசைக்கவில்லை. குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஓலையில் கை வைத்துப் போய்த் திரும்பி வந்த ஒருவரை இந்த வயது வரை நான் பார்க்கவில்லை. நீங்கள் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

கப்பல் போன சில நாளில் மழை வந்தது. காலம் தப்பிய மழை, விடாமல் மூன்று நாள் கொட்டியது. ஊற்று மூன்றும் வழிந்தன. பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரில் இறங்கிக் குளித்தார்கள், யாரும் திட்டவில்லை. நாலாம் நாள் காலையில் நாட்டார் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வராமல், தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"உன் தங்கச்சியக் கூப்டுக்கம்மா. ஊரு அவசரப்பட்டுடுச்சு," என்றார்.

அவள் ஏறிப் போனதை அவரும் கரையில் நின்று பார்த்தவர்தான். ஆனாலும் அதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை போலிருக்கிறது.

"யாரக் கூப்டறது மாமா," என்றாள் அம்மா.

அவர் தலைத்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா உள்ளே வந்து, செம்பைக் கையில் எடுத்து, பானையின் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் முழுவதையும் குடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்று, "சின்னம்மா தண்ணிய நான்தான் நாட்டார் வூட்டுப் பொண்ணுகிட்ட சொன்னேன்," என்றேன்.

அம்மா திரும்பவில்லை. ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"தெரியும்," என்றாள். "அக்கரைக்குப் படகு ஏறும்போது அவளே சொல்லிட்டுத்தான் போனா. கொழந்த தெரியாம சொல்லிடுச்சு, அடிச்சிடாதேன்னா."

மறுபடியும் ஊதுகுழலை எடுத்துக்கொண்டாள். புகை நிறைய வந்தது. எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வந்தது, அதைப் புகை என்றே இருவரும் வைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அம்மா சாகிறவரை என்மேல் கை வைத்ததில்லை. எத்தனையோ தப்புச் செய்திருக்கிறேன், கையை ஓங்குவாள், பாதியிலேயே இறக்கிவிடுவாள். அன்றைக்கே நன்றாக அடித்திருக்கலாம். வலித்திருக்கும், ஆறியிருக்கும்.